ஒரு டிரம் தண்ணீர்

இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கி, அதிலேயே புதுக் கான்கிரீட் போடலாமா? நம் பக்கத்தில் பலர் இப்போது இதைக் கேட்கிறார்கள். சொந்த வீடு கட்டுபவர்கள், லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்கள், கம்பெனிகளுக்குக் காம்பவுண்டு சுவர் எடுக்கும் சிறு கான்டிராக்டர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்: "அது சரிப்படாது சார். கலவை கைக்கே வராது. போட்டவுடனே இறுகிப்போகுது."

கலவை கைக்கு வரவில்லை என்பது உண்மைதான். மேஸ்திரிகள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதற்காக அந்த ஜல்லியே ஆகாது என்று ஒதுக்கிவிடுவது சரியில்லை என்பது என் கருத்து. முதல் நாள் சாயங்காலம் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்யாமல் விடுகிறோம். மறுநாள் காலையில் கல்லைக் குறை சொல்கிறோம்.

இந்தப் பேச்சு நம் ஊருக்கு ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வடக்குப்பட்டு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 2022இல் தொல்லியல் துறை தோண்டிய ஊர் என்று தெரியும். கற்கருவிகள் கிடைத்த மண் இது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கல்லைச் செதுக்கி வாழ்ந்தவர்கள் எத்தனை கல்லைச் செலவழித்திருப்பார்கள்? ஒரு கூடை இருக்குமா? 2010இல் ரெனோ நிசான் கார் ஆலை ஒரகடத்தில் திறந்தது. அதற்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் ஆலைகளும் கிடங்குகளும் அகலச் சாலைகளும் மேம்பாலங்களும் எழும்பியதை நாம் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். அத்தனைக்கும் ஜல்லி எங்கிருந்தோ வந்தது. திருமுக்கூடல், உத்திரமேரூர் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்த 'எங்கிருந்தோ' எது என்று தெரியும்.

இன்னொரு பக்கம், பழைய வீடுகள் இடிபடுகின்றன. சாலை அகலமாகும்போது கடைகள் பாதியாக வெட்டப்படுகின்றன. ஷெட்டுகளின் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புதுத்தரை போடுகிறார்கள். அந்த ரப்பிஷ் எல்லாம் டிராக்டரில் ஏறி, ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் இறங்குகிறது. மலையை உடைத்துக் கல்லைக் கொண்டுவருகிறோம், அதே கல்லை ஏரியில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். நடுவில் முப்பது நாற்பது வருஷம் அது ஒரு வீடாக இருந்தது, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் கனிம நில வரி வந்து, ஜல்லி விலையும் எம்-சாண்ட் விலையும் ஏறி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் வரை போனது நினைவிருக்கும். அந்த நாட்களில்கூடக் குளத்தில் கிடக்கும் கல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. கட்டட இடிபாடுகளுக்கென்று மத்திய அரசு 2016இல் தனி விதிகள் கொண்டுவந்தது. அரசு, நகராட்சி வேலைகளில் 10 முதல் 20 சதவீதம் வரை இந்த மறுசுழற்சிப் பொருள்களை வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருந்தது. 2025இல் வந்த புதிய விதிகள், 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறை நாளாகக் குறித்து, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள பெரிய கட்டடங்களைக் கட்டுபவர்கள் மீது பொறுப்பை ஏற்றுகின்றன. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை உடைத்துத் தரம் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நாளுக்கு 400 டன் திறன் கொண்டது. ஆக, விதியும் இருக்கிறது, இயந்திரமும் இருக்கிறது. கலவை போடும் இடத்தில்தான் தகராறு.

அந்தத் தகராறு என்ன என்று பார்ப்போம்.

பச்சைக் கான்கிரீட் எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று அளக்க ஸ்லம்ப் கூம்பு என்று ஒரு தகரக் கூம்பு உண்டு. 300 மி.மீ. உயரம், அடியில் 200, மேலே 100. அடுக்கு அடுக்காகக் கலவையை நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 தரம் குத்தி, கூம்பை மெதுவாக மேலே தூக்கினால் கலவை உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்பதுதான் ஸ்லம்ப். கம்பி அதிகமில்லாத தளம், பீம் போன்றவற்றுக்கு 25 முதல் 75 மி.மீ. போதும். கம்பி நெருக்கமாக இருக்கும் இடத்தில் 100 வரை வேண்டியிருக்கும். இதற்குக் குறைந்தால் கலவை 'டைட்'. சித்தாள் பாண்டில் சுமந்து கொட்டினால் கொட்டின இடத்திலேயே குன்றாக நிற்கும். வைப்ரேட்டர் விட்டாலும் மூலைக்குப் போகாது. சென்ட்ரிங் பிரித்த பிறகு தேன்கூடு மாதிரி ஓட்டை தெரியும்.

குவாரியிலிருந்து வரும் கருங்கல் ஜல்லி தண்ணீர் குடிக்காது. நூறு கிலோ ஜல்லி ஒரு கிலோ தண்ணீரைக்கூட உள்ளே இழுக்காது. இடித்த கான்கிரீட்டை உடைத்த ஜல்லி அப்படியில்லை. ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சிமெண்டுக் கலவை ஒட்டிக்கொண்டிருக்கும். அது பஞ்சு மாதிரி. நூறு கிலோவுக்கு ஐந்து, ஆறு கிலோ தண்ணீர் குடிப்பது சாதாரணம், சில சமயம் அதற்கு மேலும் போகும். குடிப்பதும் வேகமாகக் குடிக்கும், பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள். மிக்சரில் பார்க்கும்போது கலவை நன்றாகத்தான் இருக்கும். தூக்கிக்கொண்டு மாடிக்குப் போவதற்குள் இறுகியிருக்கும். ரெடிமிக்ஸ் லாரியில் வந்தால், ஒரகடம் கூட்டுரோட்டில் நெரிசலில் நிற்கும்போதே உள்ளே கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். அதோடு, உடைத்த கல் சொரசொரப்பாகவும் கோணல்மாணலாகவும் இருக்கும். தூசியும் அதிகம். இவையும் கலவையைப் பிடித்து நிறுத்தும். ஆனாலும் முதல் காரணம் தாகம்தான்.

எவ்வளவு தாகம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எம்20 கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து அதிகபட்சம் 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர் என்பது ஐ.எஸ். 456 தரும் அளவு. 250 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு ஜல்லி என்றால் சுமார் 167 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 33 கிலோ, பழைய கான்கிரீட் ஜல்லி என்று வையுங்கள். நூற்றுக்கு ஆறு வீதம் அது குடிக்கும் தண்ணீர் இரண்டு லிட்டர்.

அந்த இரண்டு லிட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தண்ணீர் மூன்று சதவீதம் மாறினால் ஸ்லம்ப் ஏறக்குறைய 25 மி.மீ. மாறும் என்பது கலவை வடிவமைப்பில் எல்லாரும் கையாளும் கணக்கு. 30 லிட்டரில் இரண்டு லிட்டர் என்பது ஏறக்குறைய ஏழு சதவீதம். ஆகவே 75 மி.மீ. இளக்கமாக இருக்க வேண்டிய கலவை 20, 25 மி.மீ.க்கு வந்துவிடும். மேஸ்திரி 'டைட்' என்று கத்துவது இதைப் பார்த்துத்தான். அவர் கண் பொய் சொல்லவில்லை.

ஆபத்து இதற்கு அடுத்த நிமிஷத்தில்தான் வருகிறது. கலவை டைட் என்றால் நம் சைட்டுகளில் என்ன செய்வோம்? "ஒரு பக்கெட் ஊத்துப்பா." கல் குடித்தது இரண்டு லிட்டர், மேஸ்திரி ஊற்றுவது பத்து லிட்டர். மூட்டைக்கு 30 லிட்டராக இருந்தது 40 ஆகிறது. சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் 0.6 இலிருந்து 0.8க்குத் தாவுகிறது. தண்ணீர் விகிதம் கூடக் கூட வலு குறையும் என்று 1918லேயே அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். இந்த அளவு தாவினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடக்கூடும். 28 நாள் கழித்து கியூபை உடைத்துப் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, பழைய ஜல்லி, அதான் வலு இல்லை" என்பார்கள். பக்கெட் தப்பித்துக்கொள்ளும், கல் பழி சுமக்கும். புது ஜல்லியில் இப்படி ஒரு பக்கெட் ஊற்றினாலும் இதே கதிதான். அதையும் நாம் வருஷக்கணக்காகச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு வைத்தியம் நம் ஊர்க் கொத்தனார்களுக்குப் புதிதே இல்லை. செங்கல்லை நனைக்காமல் சுவர் கட்டுவாரா ஒரு நல்ல கொத்தனார்? தொட்டியில் போட்டு, குமிழி அடங்கிய பிறகுதான் எடுப்பார். காய்ந்த செங்கல் சாந்தில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சாந்து பிடிக்காது என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. நம் அப்பா, தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். தேக்கு உத்தரத்தின் மேல் சின்னத் தட்டுச் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். அந்தச் செங்கல் ஜல்லியை ஊற வைக்காமல் சுண்ணாம்போடு சேர்க்கமாட்டார்கள். உடைந்த செங்கல்லையே ஜல்லியாக்கி, ஊற வைத்து, கான்கிரீட் போட்ட பரம்பரை நம்முடையது. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமான ஜெர்மன் நகரங்களிலும் இடிந்த செங்கல்லை உடைத்துத்தான் புதுக் கான்கிரீட் போட்டார்கள்.

இந்தியத் தர அமைப்பின் ஐ.எஸ். 383 ஆவணத்தின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பும் இதையேதான் சொல்கிறது. சாதாரண ஜல்லிக்கு ஐந்து சதவீதம் வரைதான் நீர் உறிஞ்சலாம் என்று வரம்பு வைத்துவிட்டு, மறுசுழற்சி ஜல்லிக்குப் பத்து சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கலப்பதற்கு முன்பே நனைத்திருக்க வேண்டும். நம்மவர்கள் அனுமதியை வாசிக்கிறார்கள், நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சைட்டில் எப்படிச் செய்வது? ஜல்லியைச் சலித்துத் தூசியை நீக்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் குவியலைப் பரப்பி, ஹோஸ் வைத்து நன்றாக நனைத்து, கோணிச் சாக்கால் மூடிவிட வேண்டும். காலையில் கலப்பதற்கு முன் தண்ணீர் வடிந்திருக்க வேண்டும். கல்லுக்குள்ளே ஈரம் இருக்கணும், மேலே சொட்டக்கூடாது. சொட்டினால் அந்தத் தண்ணீரும் கலவையில் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் காலைக்குள் காய்ந்துவிடும், அதனால் இன்னொரு தரம் தெளிக்க வேண்டும். ஐப்பசி மழையில் குவியல் ஏற்கெனவே நனைந்திருக்கும், அப்போது கலவைத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். முதல் நாள் நனைக்க முடியவில்லை என்றால், ஜல்லியையும் மணலையும் பாதித் தண்ணீரையும் முதலில் மிக்சரில் போட்டுச் சுற்றவிட்டு, பிறகு சிமெண்டும் மீதித் தண்ணீரும் சேர்க்கலாம். 2005இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். சிமெண்டைப் பிரித்துப் போடும் முறைகளும் உண்டு. அதற்குப் பிறகும் டைட்டாக இருந்தால் அளவோடு பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். பக்கெட்டைத் தொடவே கூடாது. கூம்பைக் கலந்தவுடன் ஒரு தரமும், அரை மணி கழித்து ஒரு தரமும் வைத்துப் பார்த்தால், கல் இன்னும் குடிக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எல்லாரும் இடிபாட்டை வாரிக்கொண்டு வந்து தளம் போடுங்கள் என்று சொல்லவில்லை. வரம்பு உண்டு. கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 வரைக்கும்தான், அதிலும் 20 சதவீதம் வரைக்கும்தான் பழைய கான்கிரீட் ஜல்லி போடலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் எம்15க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே போடலாம். செங்கல், டைல்ஸ், பூச்சு எல்லாம் கலந்து கிடக்கும் ரப்பிஷ் ஜல்லிக்கு அந்த மெலிந்த கான்கிரீட்டைத் தவிர வேறு இடமே இல்லை. ஜிப்சம் பூச்சு, உப்பேறிய கான்கிரீட் இவை கலந்தால் கம்பிக்கும் கேடு, சிமெண்டுக்கும் கேடு. ஆகவே பரிசோதனைச் சீட்டு இல்லாத ஜல்லியை வீட்டுத் தூணிலும் பீமிலும் போடவே கூடாது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூனில் ஒரு கட்டடம் இடிந்து 61 பேர் போனதை மறந்துவிட முடியுமா? கட்டட வலுவில் யாரும் விளையாட வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் மிஞ்சி நின்ற 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்துச் சில விநாடிகளில் குவியலாக்கினார்களே, அதையும் நினைக்கத்தான் வேண்டும். அப்படிக் குவியலாகும் கல்லுக்கு ஒரு வழி இருக்க வேண்டாமா?

"இதுக்கெல்லாம் தண்ணிக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். கோடையில் நம் பக்கத்துத் தண்ணீர் நிலவரம் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக்கு ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டால் சுமார் 12 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு எட்டு மூட்டை வீதம் 96 மூட்டை. மூட்டைக்கு இரண்டு லிட்டர் வீதம் 192 லிட்டர். சிந்துவதைத் தவிர்த்துப் பார்த்தால், கல் குடிப்பது ஒரு டிரம் தண்ணீர். அதே தளத்தை ஒட்டிவிட்டு, பாத்தி கட்டித் தேக்கி வைக்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

உண்மையான தடை கூலிதான் என்று நினைக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் ஓர் ஆள் வந்து சலித்து, நனைத்து, மூடிவிட்டுப் போக வேண்டும். அந்த ஆளுக்கு யார் கூலி கொடுப்பது? டெண்டரில் ஜல்லிக்கு விலை இருக்கும், கான்கிரீட்டுக்கு விலை இருக்கும், நனைப்பதற்கு இருக்காது. கான்டிராக்டர் அதைத் தன் கையிலிருந்து கொடுக்கமாட்டார், மேஸ்திரி சும்மா செய்யமாட்டார். மறுநாள் பக்கெட் வந்துவிடும். விதி போடுகிறவர்கள் 'இத்தனை சதவீதம் மறுசுழற்சி' என்று எழுதுவதோடு நிறுத்தாமல், சலிப்பதையும் நனைப்பதையும் ஸ்லம்ப் பார்ப்பதையும் தனி ஐட்டமாக எழுதி அதற்குப் பணமும் ஒதுக்க வேண்டும். அது இல்லாமல் சதவீதத்தை மட்டும் கட்டாயமாக்கினால், நாளைக்கு வலுவில்லாத கான்கிரீட் வரும். அதைக் காட்டியே இந்த முறையைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, ஆலை பக்கத்தில் வேண்டும். வடக்குப்பட்டிலிருந்து ரப்பிஷைப் பெருங்குடிக்கு ஏற்றிப்போய், ஜல்லியாகத் திரும்பக் கொண்டுவந்தால் டீசல் செலவிலேயே லாபம் கரைந்துவிடும். ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை என்று சிப்காட் இத்தனை பூங்காக்களை நடத்துகிறது. கார் ஆலைக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, உடைக்கும் ஆலைக்குச் சில ஏக்கர் ஒதுக்குவது பெரிய காரியம் இல்லை. அங்கே உடைத்து, சலித்து, உறிஞ்சும் அளவைச் சோதித்து, சீட்டோடு கொடுத்தால் போதும். நடைபாதைக் கல், வடிகால் அடிக் கான்கிரீட், காம்பவுண்டு சுவர் அஸ்திவாரம் என்று தரையோடு போகும் வேலைகளில் முதலில் பழகட்டும். மேஸ்திரிகளுக்குக் கை பழகிய பிறகு மாடிக்குப் போகலாம்.

நம் வயதுக்காரர்கள் யாரும் இனி புது வீடு கட்டப்போவதில்லை. ஆனால் பிள்ளைகள் கட்டுகிறார்கள், நாமோ நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்க்கிறோம். அடுத்த தரம் வாசலில் தரை போடவோ, சுவருக்கு அஸ்திவாரம் போடவோ இந்த ஜல்லி வந்து இறங்கினால், முகம் சுளிக்காமல் இரண்டு காரியம் மட்டும் செய்யுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து ஆட்கள் கிளம்பும் முன், "ஜல்லி நனைச்சாச்சா?" என்று மேஸ்திரியைக் கேளுங்கள். நனைக்க நிற்கும் ஆளுக்கு ஒரு டீயும், அந்த ஒரு மணி நேரத்துக்கான கூலியும் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலையில் யாராவது பக்கெட்டைத் தூக்கினால், நம் வயதுக்கு உள்ள உரிமையில் ஓர் அதட்டல் போட்டால் தப்பில்லை.